வாழைமட்டைப் படங்களைப் பார்க்கும் முறை

வாழைமட்டையால் செய்த படத்தை நேருக்கு நேர் நின்று பார்ப்பதைவிட, சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி சற்றே சாய்த்துப் பார்ப்பது நல்லது. நேராகப் பார்க்கும்போது, தலையில் குடம் சுமந்து நடக்கும் ஒரு பெண்ணும், அவள் முதுகில் துணியால் கட்டப்பட்ட குழந்தையும், பின்னால் கூம்புக் கூரை வேய்ந்த இரண்டு குடிசைகளும் மட்டுமே தெரியும். ஆப்பிரிக்கக் கைவினைப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் காணக்கூடிய காட்சிதான் அது. சாய்த்துப் பார்த்தால் வேறு செய்திகள் கிடைக்கின்றன. அந்தப் பெண்ணின் உடை, நரம்புகள் மேலிருந்து கீழாக ஓடும் ஒரே துண்டு மட்டையால் ஆனது என்பதும், கைகளுக்கு மட்டும் நரம்பின் திசை மாற்றப்பட்டிருக்கிறது என்பதும், கூரைக்கு மட்டையின் உட்புறத்தில் உள்ள வலை போன்ற பகுதி பயன்பட்டிருக்கிறது என்பதும், வானத்தில் மேகமாகத் தெரிவது மட்டையில் பூஞ்சை படர்ந்து உண்டான கறை என்பதும் அப்போதுதான் புலப்படும். படம் முழுவதிலும் ஒரு துளிச் சாயம்கூடக் கிடையாது.

சிங்கப்பூரின் தெம்பனீசில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் இந்தப் படம் அத்தான் கொடுத்தது. அக்காவின் கணவரான அவர், உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஓர் இந்திய நிறுவனத்தில் கணக்காளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். காங்கோவின் கிழக்கே கிவுப் பகுதியிலிருந்து வெளியேறி, உகாண்டாவின் நக்கிவாலே அகதிகள் குடியிருப்பில் சில காலம் தங்கியிருந்து, பின்னர் தலைநகரத்துக்கு வந்து சாலையோரத்தில் படம் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் அதை வாங்கியிருக்கிறார். அத்தானுக்கு எதையும் விலை பேசி வாங்கிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிச் செய்கிறார்கள் என்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவர் பார்த்துவந்து சொன்னவற்றையும், அதன்பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன். இந்தப் படங்களில் காட்சியைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் வாங்குபவர். செய்பவருடைய அறிவும் விருப்பமும் வெளிப்படுவது மட்டையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். ஆகையால் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் மட்டையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

வாழை நம்மவர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத தாவரம் என்றாலும், அதன் அமைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது இங்கே பயன்படும். நாம் மரம் என்று அழைத்தாலும் வாழைக்கு உண்மையான மரத்தண்டு இல்லை. ஒன்றை ஒன்று இறுகச் சுற்றிய இலை மட்டைகளின் அடுக்கே தண்டாக நிற்கிறது. ஒவ்வொரு மட்டையின் உள்ளேயும் நீளவாக்கில் காற்றறைகள் ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே மெல்லிய சுவர்கள் தடுக்கின்றன. மட்டை காயும்போது சதைப்பற்று சுருங்கி, வெளிப்புறத்தில் வழவழப்பான பளபளக்கும் தோலும், நடுவில் ஏணிப்படி போன்ற வலையும், உட்புறத்தில் காகிதம்போல் மெல்லிய தோலும் எஞ்சுகின்றன. பூக்கட்டுவதற்காக நாம் கிழித்தெடுக்கும் நார் இந்த அமைப்பின் ஒரு பகுதி மட்டுமே. படம் செய்கிறவர்களுக்கு மூன்றும் வேண்டும்: முகத்துக்கும் கைகால்களுக்கும் வெளித்தோல், கூரைக்கும் வேலிக்கும் வலை, தொலைவில் தெரியும் மலைக்கும் நீருக்கும் உள்தோல், கோடு இழுக்க வேண்டிய இடங்களில் நார்.

நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இதைவிடச் சுவையான செய்தி. வாழைத்தண்டு நறுக்கிய கையோடு வெள்ளைச் சட்டையைத் தொட்டவர் எவருக்கும் வாழைக்கறையின் பிடிவாதம் தெரியும். வெட்டியபோது தெளிந்த நீராக இருக்கும் அந்தச் சாறு, அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றுப் பட்டு மாறுவதால் பழுப்பாகிப் பின்னர் கறுத்துப்போகிறது. எத்தனை முறை துவைத்தாலும் போவதில்லை. அதே மாற்றம்தான் தண்டின் மேல் நின்றபடியே காயும் மட்டையிலும் மெதுவாக நடக்கிறது. வெயிலும் மழையும் நேரே படும் வெளிமட்டைகள் செம்பழுப்பும் கரும்பழுப்பும் ஆகின்றன. மற்றொரு மட்டையால் மூடப்பட்டிருந்த பகுதி வெளிர்மஞ்சளாகவே நின்றுவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் விளிம்பில், எந்த ஓவியரும் எளிதில் குழைத்துவிட முடியாத ஒரு படிநிலை நிறம் அமைந்துவிடுகிறது. வாழை வகைக்கு வகை இந்த நிறங்கள் மாறும். தண்டிலேயே கருஞ்சிவப்பும் கறுப்புத் திட்டுகளும் உள்ள வகைகளின் மட்டை காய்ந்த பிறகும் இருண்டே இருக்கும். அத்தான் பார்த்த மனிதர், தம் பையில் மட்டைகளை நிறவாரியாகப் பிரித்துச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாராம். ஒரு படத்தை வெட்டி ஒட்டுவதற்கு ஆகும் நேரத்தைக் காட்டிலும், அதற்கான மட்டைகளைத் தேடிச் சேர்ப்பதற்கே அதிகம் ஆகும் என்று அவர் சொன்னதை அத்தான் வியப்போடு திரும்பத் திரும்பக் கூறுவார். புடவைக் கடையில் ஒரே பச்சையில் பத்துப் பச்சையைப் பிரித்துப் பார்க்கும் கண் வேண்டும் இந்த வேலைக்கு.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மட்டை சுருண்டிருக்கும் என்பதால் முதலில் ஈரத்துணியால் துடைத்து இளக்கி, கனமான பொருளின் அடியில் வைத்துத் தட்டையாக்குகிறார்கள். பிறகு சவர அலகால் தோலையும் வலையையும் தனித்தனியே பிரிக்கிறார்கள். அட்டையின்மேல் பென்சிலால் மெல்லிய கோட்டுருவம் வரைந்துகொண்டு, பின்னணியிலிருந்து தொடங்கி முன்னோக்கி ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்: முதலில் வானம், அடுத்து நிலம், அதற்கு மேல் குடிசை, கடைசியாக மனிதர்கள். ஒட்டுவதற்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதுமானது. உருவத்துக்கு முகக்குறிகள் வைப்பது அரிது. தலையின் சாய்வும் தோளின் கோணமும்தான் அந்த மனிதர் களைத்திருக்கிறாரா, மகிழ்ந்திருக்கிறாரா என்பதைச் சொல்ல வேண்டும். சவர அலகு மட்டையின் நரம்புக்குக் குறுக்கே போகும்போது ஓரம் பிசிறடிக்கும், நரம்போடு போகும்போது பிளந்து ஓடும். இவ்விரண்டுக்கும் நடுவே வளைவு வெட்டுவதுதான் பழக வேண்டிய வித்தை. எங்கள் படத்தில் குழந்தையின் தலை ஓர் உளுந்தைவிடச் சற்றே பெரியது. அது பிசிறில்லாத வட்டம்.

வாழையின் பிறப்பிடம் நம் பக்கத்து நிலம் என்பதை இங்கே ஓர் இடைக்குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். தென்கிழக்காசியாவிலும் நியூகினித் தீவிலும் விளைந்த காட்டு வாழைகளிலிருந்தே உண்ணும் வாழை உருவானது. நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழை பயிரிடப்பட்டதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவை அடைந்த வாழை, பெரும் ஏரிகளைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் வேறெங்கும் இல்லாத புதிய வகைகளாகப் பெருகியது. உகாண்டாவில் காயை வேகவைத்து மசித்து உண்ணும் மட்டோகே அன்றாட உணவு. உலகிலேயே மிக அதிகமாக வாழை உண்ணும் நாடுகளில் அது ஒன்று. ருவாண்டாவிலும் புருண்டியிலும் காங்கோவின் கிழக்கிலும் வாழையிலிருந்து மது வடிக்கிறார்கள், இலையில் பொட்டலம் கட்டுகிறார்கள், மட்டையைச் சுருட்டிப் பிள்ளைகள் பந்து செய்கிறார்கள். அத்தகைய நிலத்திலிருந்து பெயர்ந்தவர்கள் கையில் வாழைமட்டை கைவினையாக மாறியதில் வியப்படைய ஒன்றுமில்லை.

அந்தப் பெயர்ச்சிகளின் வரலாறு நீண்டது. 1959 முதல் ருவாண்டாவிலிருந்து துத்சி இனத்தவர் வெளியேறினார்கள். நக்கிவாலே குடியிருப்பு அந்தக் காலகட்டத்தில் உருவானதுதான். 1972ல் புருண்டியின் படுகொலைகளுக்குத் தப்பி ஊத்து இனத்தவர் தான்சானியாவுக்கு ஓடினார்கள். 1994ல் ருவாண்டாவின் இனப்படுகொலை, 1996ல் தொடங்கிய காங்கோப் போர்கள், 2015ல் மீண்டும் புருண்டி என்று ஒவ்வொரு பத்தாண்டிலும் மக்கள் எல்லை கடந்திருக்கிறார்கள். தான்சானியாவின் நியாருகுசு முகாம் 1996ல் காங்கோ மக்களுக்காகத் திறக்கப்பட்டு இன்னும் மூடப்படவில்லை. சூன் 20ஆம் நாளை உலக அகதிகள் தினமாக 2001லிருந்து அனுசரித்து வருகிறோம். அதற்கு முன்பு அதே நாள் ஆப்பிரிக்க அகதிகள் தினமாக இருந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஒரு கைவினை வாழ்வதும் வாடுவதும் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தும் இருக்கிறது. பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளை ஏற்றிருக்கும் உகாண்டா, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் அனுமதிக்கிறது. குடியிருப்புகளில் பயிரிடச் சிறு நிலமும் கொடுக்கிறது. ஆகவே நக்கிவாலேயில் இருந்தவர் கம்பாலாவின் சாலையோரத்தில் கடை விரிக்க முடிந்தது. மலாவியின் நிலை வேறு. 1994ல் அகதி முகாமாக மாறிய சலேக்கா, அதற்கு முன்பு அரசியல் கைதிகளை அடைத்துவைத்த சிறை. பத்தாயிரம் பேர் அளவுக்குத் திட்டமிடப்பட்ட அந்த இடத்தில் இப்போது 50,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். முகாமுக்கு வெளியே வேலை செய்வதற்கும் வணிகம் நடத்துவதற்கும் அங்கே கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. 2023ல், நகரங்களில் கடை வைத்துப் பிழைத்தவர்களையும் முகாமுக்குத் திரும்பும்படி அரசு கட்டளையிட்டது. சவர அலகு, பசை, ஓர் அட்டை, சாலையில் கிடைக்கும் மட்டை ஆகிய இவ்வளவே போதும் என்ற வேலை, நாளை எங்கே இருப்போம் என்று தெரியாதவர்களுக்கு ஏற்றது. முடிந்த படங்களைத் தாள்களின் நடுவே வைத்து ஒரு பையில் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

எல்லா முகாமிலும் வாழை கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கென்யாவின் வடமேற்கில் துர்க்கானா வட்டாரத்தில் 1992ல் அமைந்த காக்குமா முகாம் வறண்ட நிலத்தில் இருக்கிறது. வாழைக்கு அங்கே தண்ணீர் ஏது? அவ்வட்டாரத்துப் பெண்கள் ஆற்றுப்படுகையில் வளரும், கிளை பிரியும் ஒருவகைப் பனையின் ஓலையில் கூடை முடைகிறார்கள். வாழைமட்டை வேலை தெரிந்த ஒருவர் அத்தகைய இடத்துக்கு அனுப்பப்பட்டால் அவருடைய தொழிலுக்கான மூலப்பொருள் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் நின்றுவிடுகிறது. நக்கிவாலே அமைந்த இசிங்கிரோ மாவட்டமோ உகாண்டாவின் பெயர்பெற்ற வாழைப் பகுதிகளில் ஒன்று.

விற்பனைச் சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் ஒரு சொற்றொடர் எனக்கு உறுத்தலாக இருக்கிறது: ‘வீணாகத் தூக்கி எறியப்படும் வாழைக்கழிவிலிருந்து செய்தது’ என்பார்கள். உகாண்டாவின் வாழைத்தோட்டக்காரர் எவரும் மட்டையைத் தூக்கி எறிவதில்லை. காய்ந்த இலையும் மட்டையும் நறுக்கிய தண்டும் தோட்டத்துக்குள்ளேயே மூடாக்காகப் பரப்பப்படுகின்றன. மண்ணின் ஈரத்தைக் காப்பதும், களையை அடக்குவதும், மக்கி உரமாவதும் அவைதான். எனவே அகதியாக வந்தவர் உள்ளூர் விவசாயியிடம் மட்டை கேட்கும்போது, கேட்பது அவருடைய உரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் நோய் அச்சமும் உண்டு. 2001ல் உகாண்டாவின் முக்கோனோ மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரிய வாடல் நோய் அப்பகுதி முழுவதும் பரவி வாழைத்தோட்டங்களை அழித்தது. பூவுக்கு வரும் பூச்சிகளும், ஒரு வாழையை வெட்டிய கத்தியை அப்படியே அடுத்த வாழையில் வைப்பதும் அது பரவும் வழிகள். முன்பின் தெரியாத ஒருவர் கத்தியோடு தோட்டத்துக்குள் நுழைவதை எந்த விவசாயிதான் விரும்புவார்? அத்தான் சந்தித்தவர் இதற்காகவே காய்ந்து தொங்கும் மட்டையைக் கையால் மட்டும் உரித்தெடுப்பாராம். தோட்டத்தில் கத்தி எடுப்பதில்லை. கழிவு என்று எழுதிவிட்டால் இந்த அனுமதியும் நம்பிக்கையும் பேரமும் எல்லாம் சீட்டிலிருந்து மறைந்துபோகின்றன.

இனி காட்சிக்கு வருகிறேன். குடம் சுமக்கும் பெண், முரசு கொட்டுபவர், நீண்ட கொம்பு மாடு, சாயும் சூரியன், யானை: இவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. செய்பவர்களின் கற்பனை இவ்வளவுதான் என்று எண்ணுவது அநியாயம். வெளிநாட்டுப் பயணியோ தொண்டு நிறுவன ஊழியரோ விரும்பி வாங்கும் ஆப்பிரிக்கா இது. நெகிழித் தாள் கூரையும், தண்ணீர்க் குழாய் வரிசையும், அடையாள அட்டைக்காகக் காத்திருக்கும் கூட்டமும் உள்ள படத்தைப் பயணப்பெட்டியில் வைத்து எடுத்துச் செல்ல ஆள் குறைவு. நமக்கு இது புதிதும் அல்ல. ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இந்தியர் வீடுகள் பலவற்றில் கேரளத்து வைக்கோல் ஓவியம் ஒன்று தொங்கும். என் தாயார் வீட்டிலும் இருந்தது. தென்னை, படகு, மாலைச் சூரியன் என்ற மூன்றும் இல்லாமல் அது விற்காது. அதைச் செய்தவருக்குப் படகோடு என்ன உறவு என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

வாங்குபவரை நினைக்காமல் நாரில் உருவம் படைத்த மரபும் அதே காங்கோவில் உண்டு. கசாய் பகுதியின் கூபா மக்கள் ராஃபியாப் பனையின் ஓலையிலிருந்து நூலெடுத்துத் துணி நெய்கிறார்கள். நெய்வது ஆண்களின் வேலை, அதன்மேல் பூத்தையல் இட்டு இழைகளை வெட்டி வெல்வெட்போல் ஆக்குவது பெண்களின் வேலை. சாய்சதுரமும் பின்னலும் திடீரென்று ஒழுங்கை முறித்துக்கொண்டு வேறு திசையில் போகும் அந்தக் கோலங்கள், இறந்தவரை அலங்கரிக்கும் துணியில்தான் முழு மரியாதையோடு இடம்பெற்றன. பிற்பாடு ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் போட்டியிட்டுச் சேகரித்தன. 2016ல் கசாய் பகுதியிலேயே மோதல் வெடித்து, 2017ல் 30,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கோலாவுக்குத் தப்பியோடினார்கள். வாழைமட்டைப் படம் அந்த மரபின் நேர்வாரிசு என்று நான் சொல்லவில்லை. அது சந்தைக்காகத் தோன்றிய இளைய கலை. ஆனால் தாவர இழையின் போக்கை உருவமாக மாற்றும் கூர்மை அந்த நிலத்தில் ஆழமாக வேரூன்றியது என்பதை, குடிசைக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தவறவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் இத்தகைய பொருள்கள் அறப்பணிச் சந்தைகளில் அவ்வப்போது விற்பனைக்கு வரும். அப்படி ஒரு சந்தையில் வாழைமட்டை வாழ்த்து அட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றோடும் இணைத்திருந்த சீட்டில், செய்த பெண் எத்தனை உறவினரை இழந்தார், எவ்வளவு தொலைவு நடந்தார் என்பது விரிவாக இருந்தது. எந்த வாழை, எங்கே எடுத்த மட்டை, யாரிடம் கற்றார், எவ்வளவு கூலி என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. துயரத்தைச் சொல்லக் கூடாது என்பது என் வாதம் அன்று. அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிலைக்குக் கீழே உலோகத்தையும் வார்ப்பு முறையையும் எழுதும் நாம், அகதியின் கைவேலைக்குக் கீழே அவருடைய காயங்களை மட்டும் எழுதினால், வாங்குகிறவர் படத்துக்குக் காசு கொடுத்தாரா, இரக்கத்துக்குக் கொடுத்தாரா என்பது செய்தவருக்கே தெரியாமல் போய்விடும். இரக்கத்தால் ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வருவதும் இல்லை. ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையம் 2018ல் தொடங்கிய மேட்51 என்னும் திட்டம், அகதிக் கைவினைஞர்களை உள்ளூர் நிறுவனங்களோடு இணைத்து நியாய வணிக முறையில் விற்க முயல்கிறது; பொருளின் தரத்தையும் மரபையும் முன்னிறுத்த அது எடுத்துக்கொள்ளும் சிரத்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி, செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1978லிருந்து 1996 வரை ஹாக்கின்ஸ் சாலையில் வியட்நாமிய அகதிகளுக்கான முகாம் இருந்தபோது, அங்கிருந்தவர்களைக் கடைத்தெருவில் பார்த்த நினைவு அவருக்கு உண்டு. இரண்டு பத்தாண்டுக்குள் 30,000க்கும் மேற்பட்டோர் அந்த முகாம் வழியாக வேற்று நாடுகளுக்குச் சென்றார்கள். எங்கள் படத்தைப் பார்த்ததும் பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குடிசையில் விரலை வைத்தார். “இது மட்டையோட உள்பக்கம்மா. வலை மாதிரி இருக்கு பாரு, அதை அப்படியே கூரைக்கு வச்சிட்டாங்க. நல்ல கெட்டிக்காரங்க,” என்றார். அகதி என்ற சொல்லை நான் அதுவரை சொல்லவே இல்லை. அவர் பார்த்ததுதான் சரியான பார்வை என்று எனக்குப் பட்டது.

அவருடைய தூண்டுதலால் நாங்கள் இருவரும் எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் மட்டை சேகரிக்க முயன்றோம். வாழை அங்கே நன்றாகவே வளர்கிறது; காயும்வரை மட்டை நிற்பதுதான் இல்லை. மட்டையும் தண்டும் சேரும் இடுக்கில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், பழுத்துத் தளரும் மட்டைகளை உடனுக்குடன் அறுத்துவிடுகிறார். டெங்கி அபாயம் உள்ள ஊரில் அவரைக் குறை சொல்ல வழியில்லை. பச்சையாக அறுத்த மட்டையை வீட்டு நடைபாதையில் உலர்த்திப் பார்த்தோம். அது ஒரே சீரான வைக்கோல் நிறத்தில் காய்ந்தது; அல்லது காய்வதற்குள் அழுகியது. செம்பழுப்போ, கரும்புள்ளியோ, இரு நிறம் சந்திக்கும் விளிம்போ வரவில்லை. தண்டிலேயே நின்று வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் நீண்ட காலம்தான் அந்த நிறங்களைத் தருகிறது என்பது அப்போது நன்கு விளங்கியது. பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் விற்கும் வாழைக்கன்றுகளின் மட்டையையும் பார்த்தோம். இளமட்டை, வெளிறியது, வானத்துக்கு மட்டுமே உதவும் என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இத்தகைய படத்தை இங்கே வாங்கி வைத்திருப்பவர்களுக்குச் சில பராமரிப்புக் குறிப்புகள். சிங்கப்பூரின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மட்டை அதை உறிஞ்சி விரியும், குளிரூட்டி ஓடும் அறையில் சுருங்கும். முன்பக்கம் மட்டும் மட்டை ஒட்டிய அட்டை இதனால் வளைந்துவிடும். சட்டமிடும் கடையில் சொல்லி, அட்டையின் பின்புறத்தில் அமிலமற்ற தாள் ஒன்றை ஒட்டச் செய்தால் இழுவிசை சமனாகும். கண்ணாடி மட்டையைத் தொடக் கூடாது. நடுவே சிறு இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியில் பூக்கும் ஈரம் மட்டைக்கு இறங்கிப் பூஞ்சை வைக்கும். மாவுப் பசையில் ஒட்டிய படமானால் இராமபாணப் பூச்சி தேடி வரும். நேர்வெயில் படும் சுவரில் மாட்டினால், கரும்பழுப்பு வெளிறி எல்லாம் ஒரே நிறமாகிவிடும். வேறுபாட்டை வைத்தே அமைந்த படத்துக்கு அதைவிடப் பெரிய சேதம் இல்லை. எண்ணெயோ மெருகோ பூசும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் படத்தின் பின்புறத்தில், அத்தான் சொன்ன விவரங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: மட்டோகே வாழையின் மட்டை; கையால் உரித்தது; சவர அலகு, வெள்ளைப் பசை; சாயம் இல்லை; கம்பாலா. செய்தவர் பெயரையும் அத்தான் கேட்டு வைத்திருந்தார்; அவருடைய இசைவு இல்லாமல் இங்கே அதைப் பொதுவில் எழுதவில்லை, தாளில் மட்டும் இருக்கிறது. சமூகத் தோட்டத்துக் குழுவிடம், ஒரே ஒரு வாழைக்குக் கூரை மறைப்புப் போட்டு, இடுக்குகளில் நீர் தேங்காமல் நாங்களே வாரந்தோறும் பார்த்துக்கொள்கிறோம், அதன் மட்டைகளை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். மழை படாமல் மூடிவிட்டால் நிறம் எப்படி வரும் என்று பாட்டி இப்போதே என்னோடு வாதாடுகிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்; கூரையைப் பகலில் விலக்கிவைக்கும்படி கோரிக்கையைத் திருத்தி எழுத வேண்டும்.